குரோமைத் தூக்கிவிட்டுப் போட்டாலும் திரும்பி வருகிறதே?

கேள்வி: அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11. போட்டோவின் அளவைக் குறைக்க ஒரு இலவச சாஃப்ட்வேர் இறக்கினேன். அதிலிருந்து இரண்டு வாரமாக, குரோமில் எதைத் தேடினாலும் கூகுள் வருவதில்லை. பெயர் தெரியாத ஏதோ ஒரு பக்கம் ஒரு நொடி வந்து மறைந்து, யாகூவில் போய் நிற்கிறது. செட்டிங்ஸில் மாற்றப் பார்த்தால் 'மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்' என்கிறது. நான் போடாத ஒரு எக்ஸ்டென்ஷன் (குரோமோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்) இருக்கிறது, அதை நீக்க 'ரிமூவ்' பட்டனே இல்லை. வலது மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்' என்று ஓயாமல் வருகிறது. குரோமை இரண்டு முறை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆகிவிட்டது. ஃபார்மட் செய்தால்தான் போகும், 800 ரூபாய் ஆகும் என்கிறார் சர்வீஸ்காரர். வாடிக்கையாளர்களின் ஆதார், பேங்க் விவரமெல்லாம் இதில்தான் அடிக்கிறேன். என்ன செய்வது?

பதில்: ஃபார்மட்டுக்கு இப்போதே போக வேண்டாம். குரோமை எடுத்துப் போட்டும் போகவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கோளாறு குரோமுக்குள் மட்டும் இல்லை. வெளியே, விண்டோஸுக்குள் ஒன்று உட்கார்ந்துகொண்டு, நீங்கள் பிடுங்கப் பிடுங்க நட்டுக்கொண்டிருக்கிறது. களையைப் பிடுங்குகிறீர்கள், விதைப்பவன் வரப்பிலேயே நிற்கிறான். முதலில் விதைப்பவன், அடுத்து அவன் போட்ட பூட்டு, கடைசியில் குரோம் என்ற வரிசையில் போனால் ஒன்றரை மணி நேர வேலை. வரிசை மாறினால் நாளைக்கு மறுபடி முதலிலிருந்துதான்.

யாகூவில் ஏன் போய் நிற்கிறது என்று குழம்பியிருப்பீர்கள். யாகூ இதில் குற்றவாளி இல்லை. தேடல் பக்கத்தில் வரும் விளம்பரத்தை யாராவது கிளிக் செய்தால், அந்தத் தேடலை அனுப்பிவைத்த இடைத்தரகருக்கு ஒரு பங்கு உண்டு. ஒரு நொடி மின்னி மறைகிறதே, அந்தப் பக்கம்தான் இடைத்தரகர். உங்கள் கடையின் தேடல்களையெல்லாம் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, உண்மையான தேடுபொறியிடம் தள்ளிவிடுகிறது. வருமானம் இதுதான் என்பதால், உங்கள் கம்ப்யூட்டரை உடைக்க அதற்கு விருப்பமில்லை. ஆனால் 'எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன், நீங்கள் அடிக்கும் ஆதார் எண்ணையும் பாஸ்வேர்டையும் பார்க்க முடியும். பார்த்ததா இல்லையா என்பதை வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. ஆகவே சுத்தம் செய்து முடிக்கும்வரை இந்தக் கம்ப்யூட்டரில் பணம் கட்டுவது, பேங்க் லாகின், வாடிக்கையாளரின் ஓடிபி எதுவும் வேண்டாம். உங்கள் ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை இன்றே மாற்றுங்கள். ஆனால் போனிலிருந்து மாற்றுங்கள், இதில் அல்ல.

தொடங்கும் முன் இரண்டு வேலை. குரோமின் புக்மார்க்குகளை 'புக்மார்க் மேனேஜர்' வழியாக ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து பென் டிரைவில் வையுங்கள். பிறகு குரோமில் உங்கள் கூகுள் கணக்கின் சிங்க்கை (குரோமில் உள்ளதைக் கூகுள் கணக்கில் நகலெடுத்து வைக்கும் வசதி) நிறுத்துங்கள். இந்த இரண்டாவதன் காரணம் பின்னால் வருகிறது.

இப்போது விதைப்பவன். விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதில் 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்'. பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குங்கள். அந்த போட்டோ சாஃப்ட்வேர் ஏறிய நாளிலும் அதற்கு அடுத்த ஓரிரு நாளிலும் வந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். ஒன்றை இறக்கினால் கூடவே மூன்று ஏறியிருக்கும்; 'ரெகமண்டட் இன்ஸ்டால்' என்ற தேர்வில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தும்போது நடப்பது இது. அவற்றை ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். நீக்கும்போது வரும் பெட்டியை நிதானமாகப் படியுங்கள். பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கும் பட்டன் 'வைத்துக்கொள்' என்பதாகவும், நீக்குவதற்கான வரி மங்கலான சாம்பல் எழுத்தில் ஓரமாகவும் இருப்பது இவற்றின் பழைய தந்திரம்.

அதோடு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது என்கிறீர்கள். நேரம் பார்த்துத் திரும்பி வருவதென்றால், முதல் சந்தேகம், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் 'டாஸ்க் ஷெட்யூலர்' மேல்தான். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரை அடித்துத் திறந்து, இடப்பக்கம் 'டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி'யை ஒருமுறை அழுத்துங்கள். நடுவில் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியையும் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள 'டிரிகர்ஸ்', 'ஆக்ஷன்ஸ்' என்ற இரண்டு தாவல்களை மட்டும் பாருங்கள். கூகுள் அப்டேட்டர், எட்ஜ் அப்டேட், ஒன்டிரைவ், அடோபி, பிரிண்டர் கம்பெனியின் பெயர் கொண்டவை இருப்பது இயல்பு. அவற்றின் 'ஆக்ஷன்ஸ்' வரி 'புரோகிராம் ஃபைல்ஸ்' போல அந்தக் கம்பெனியின் சொந்த ஃபோல்டரைக் காட்டும். கெட்டது வேறு மாதிரி இருக்கும். 'ஆக்ஷன்ஸ்' வரி 'பவர்ஷெல்' (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் கருவி) என்று தொடங்கி, 'ஹிடன்' என்ற சொல்லும், அதன் பின்னால் அர்த்தமே இல்லாத எழுத்துக் குவியல் மூன்று நான்கு வரிக்கும் நீளும். அந்தக் குவியல், கட்டளையைக் கண்ணுக்குத் தெரியாமல் பொதிந்து வைத்த உருவம். 'டிரிகர்ஸ்' பக்கம் 'ஒவ்வொரு பத்து நிமிடமும்' என்றோ 'லாகின் ஆனதும்' என்றோ இருக்கும். அல்லது பவர்ஷெல் இல்லாமல், 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் வாயில் நுழையாத பெயருள்ள ஒரு கோப்பை அது ஓட்டும்.

2022 தொடக்கத்தில் பரவிய 'குரோம்லோடர்' என்ற தீங்கு நிரல் செய்தது இதையேதான். திருட்டு கேம், படம் என்று சொல்லி ஒரு ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு டிஸ்கின் நகலாக வரும் கோப்பு) கொடுத்து, அதைத் திறந்தவுடன் ஷெட்யூலரில் ஒரு பவர்ஷெல் வேலையைப் பதிந்து, அதன் வழியாக எக்ஸ்டென்ஷனை ஏற்றியது. எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறக்கப் போனால் அது உங்களை செட்டிங்ஸ் பக்கத்துக்குத் திருப்பிவிடும். தன்னைப் பார்க்கவே விடாது. உங்களுக்குப் பட்டியல் திறக்கிறது என்பது ஒருவகையில் நல்லதே.

சந்தேகப்படும் வேலையை உடனே டெலீட் செய்யாதீர்கள். ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். இரண்டு நாள் கழித்து எதுவும் பழுதாகவில்லை என்றால் அழிக்கலாம். அந்த வரி காட்டிய ஃபோல்டரின் முகவரியை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஃபோல்டரும் போக வேண்டும். 'ஓடிக்கொண்டிருக்கிறது, அழிக்க முடியாது' என்று வந்தால், அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில்தான் அழியும்: ஷிஃப்டை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்', பிறகு 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்', வரும் பட்டியலில் 4. விண்டோஸ் 11-இல் ஒரு எச்சரிக்கை. டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் இந்த வழியில் போகும்போது பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கலாம். 48 இலக்க எண் அது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டுதான் சேஃப் மோடுக்குப் போக வேண்டும்.

அடுத்தது, 'மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்' என்ற பூட்டு. பெரிய அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களின் குரோமைக் கட்டுப்படுத்துவதற்காக கூகுள் கொடுத்திருக்கும் வசதி இது. 'இந்த எக்ஸ்டென்ஷனை எல்லாருக்கும் போடு, யாரும் நீக்க முடியாதபடி போடு' என்று அலுவலகம் சொல்ல முடியும். விளம்பரக்காரன் உங்கள் கடைக்குத் தானே முதலாளி என்று எழுதிவைத்து, அதே வசதியைப் பயன்படுத்தியிருக்கிறான். 'ரிமூவ்' பட்டன் இல்லாததும், தேடுபொறியை மாற்ற முடியாததும் இதனால்தான். இப்படி எழுதிவைக்கும் கட்டளைக்குப் 'பாலிசி' என்று பெயர். சில ஆன்டிவைரஸ்களும் நியாயமாகவே ஒரு பாலிசியை எழுதும். ஆகவே வாசகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குரோமின் முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் 'குரோம்', ஒரு கோலன், இரண்டு ஸ்லாஷ், 'பாலிசி' என்று இடைவெளி இல்லாமல் அடித்து எண்டர் தட்டுங்கள். ஒரு அட்டவணை வரும். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்ற வரி இருந்தால், அதன் எதிரே 32 ஆங்கில எழுத்துகள் கொண்ட ஒரு கோவை இருக்கும். ஏ முதல் பி வரையான 16 எழுத்துகள் மட்டுமே அதில் வரும் (ஆங்கில வரிசையில் 16-ஆவது எழுத்தான பி). இன்னொரு டேபில் எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து, மேலே 'டெவலப்பர் மோட்' போட்டால் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் இதே மாதிரி ஓர் அடையாளக் கோவை தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆள் அவன்தான். 'டீஃபால்ட் சர்ச் புரொவைடர்' என்று தொடங்கும் வரிகள் இருந்தால் தேடலைக் கடத்துவது அவை.

அதே அட்டவணையில் 'ஸ்கோப்' என்ற பத்தியைக் கவனியுங்கள். பலரும் விட்டுவிடுவது இது. அதில் 'மெஷின்' என்று இருந்தால், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் 'லோக்கல் மெஷின்' கிளையில் எழுதப்பட்டிருக்கிறது. 'கரண்ட் யூசர்' என்று இருந்தால் 'கரண்ட் யூசர்' கிளையில். ஸ்டார்ட்டில் 'ரெஜ்எடிட்' அடித்து, அந்தக் கிளைக்குள் 'சாஃப்ட்வேர்', 'பாலிசீஸ்', 'கூகுள்', 'குரோம்' என்று இறங்குங்கள். 'குரோம்' மேல் ரைட் கிளிக் செய்து முதலில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்த 'குரோம்' கிளையை மட்டும் அழியுங்கள். அதற்கு மேலே உள்ள 'பாலிசீஸ்' கிளையைக் கைதவறி அழித்துவிடாதீர்கள். விண்டோஸின் சொந்த அமைப்புகளும் அங்கே உண்டு. அதேபோல் 'சாஃப்ட்வேர்', 'கூகுள்', 'குரோம்', 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற பாதையில் அந்த 32 எழுத்துக் கோவை இருந்தால் அதையும். எட்ஜிலும் இதே தொல்லை என்றால் 'பாலிசீஸ்', 'மைக்ரோசாஃப்ட்', 'எட்ஜ்' என்ற பாதை.

அழித்துவிட்டு பாலிசி பக்கத்தில் 'ரீலோட் பாலிசீஸ்' தட்டினால் அட்டவணை காலியாக வேண்டும். காலியாகி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் மறுபடி நிரம்பினால், மூலப்பிரதி வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'சிஸ்டம்32', அதில் 'குரூப்பாலிசி' என்ற மறைவான ஃபோல்டர். விண்டோஸ் தொடங்கும்போது அங்குள்ள கோப்பைப் படித்து ரிஜிஸ்ட்ரியில் திரும்ப எழுதும். ஒற்றை ஆள் கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டருக்கு வேலையே இல்லை. பெயரின் கடைசியில் 'பழையது' என்று சேர்த்து மாற்றிவிட்டு, ரிஜிஸ்ட்ரி வேலையை மறுபடி செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகுதான் குரோம். இப்போது அந்த எக்ஸ்டென்ஷனுக்கு 'ரிமூவ்' பட்டன் வந்திருக்கும், நீக்குங்கள். கூடவே, உங்களுக்கு நினைவில்லாத மற்றவற்றையும் நீக்குங்கள். வெகுநாளாக இருப்பது என்பதால் நம்பிவிட வேண்டாம். லட்சக்கணக்கானோர் நம்பிப் பயன்படுத்திய 'தி கிரேட் சஸ்பெண்டர்' 2020-இல் வேறொருவர் கைக்குப் போய், 2021 பிப்ரவரியில் கூகுளே அதைத் தீங்கானது என்று நீக்கியது. பிறகு 'செட்டிங்ஸ்', 'ரீசெட் செட்டிங்ஸ்'. இது முகப்புப் பக்கம், தேடுபொறி, புதிய டேப் ஆகியவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எக்ஸ்டென்ஷன்களை முடக்கி, குக்கீகளை அழிக்கும். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். குக்கீ போவதால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும், அவ்வளவுதான். பழைய கட்டுரைகளில் 'கிளீன் அப் கம்ப்யூட்டர்' என்று ஒரு பட்டனைத் தேடச் சொல்வார்கள். குரோம் 111-உடன், 2023 மார்ச்சில் கூகுள் அதை எடுத்துவிட்டது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஷார்ட்கட்டையும் பாருங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் மேல் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'டார்கெட்' கட்டம். அந்த வரி 'குரோம் டாட் இஎக்ஸ்இ' என்று முடிந்து மேற்கோள்குறியோடு நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் அழித்து 'அப்ளை' கொடுங்கள். 'புரொஃபைல் டைரக்டரி' என்று இருந்தால் அது குரோமே எழுதியது, இருக்கட்டும். டாஸ்க்பாரில் உள்ள ஐகான் தனி ஷார்ட்கட் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதன் மேல் ரைட் கிளிக் செய்தால் ஒரு சிறு பட்டியல் வரும்; அதில் 'கூகுள் குரோம்' என்ற வரியின் மேல் இன்னொரு ரைட் கிளிக் செய்தால்தான் 'பிராப்பர்ட்டீஸ்' கிடைக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'நெட்வொர்க்', 'பிராக்ஸி' போய் 'செட்டப் ஸ்கிரிப்ட்', 'பிராக்ஸி சர்வர்' இரண்டும் ஆஃப் ஆக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

வலது மூலையில் வரும் '5 வைரஸ்' பெரும்பாலும் இதோடு சம்பந்தமே இல்லாத தனிக் கதை. ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்துங்கள்' என்றிருக்கும். கடையில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அந்த ஒரு கிளிக் மூலம் அத்தளத்துக்கு உங்கள் திரையில் அறிவிப்பு ஒட்டும் உரிமை கிடைத்துவிட்டது. வைரஸ் எதையும் அது பார்க்கவில்லை. விளம்பரத்துக்கு வைரஸ் வேஷம். அடுத்த முறை வரும்போது பெட்டியை உற்றுப் பாருங்கள்: 'குரோம்' என்ற பெயரும், அனுப்பிய தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிபிகேஷன்ஸ்' போய், அனுமதித்த பட்டியலில் உள்ள அந்நியத் தளங்களை நீக்குங்கள். கடைக் கம்ப்யூட்டருக்கு இணையதள அறிவிப்பே தேவையில்லை. மேலே உள்ள 'எந்தத் தளமும் கேட்கக் கூடாது' என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஸ்கேன். முதலில் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' செட்டிங்ஸின் அடியில் உள்ள 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். இவை உள்ளே வரும்போதே 'இந்த ஃபோல்டரைப் பார்க்காதே' என்று விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு விலக்கு எழுதிவைக்கும். நீங்கள் போடாத விலக்கு இருந்தால் நீக்குங்கள். இல்லாவிட்டால் எத்தனை ஸ்கேன் ஓட்டினாலும் 'எல்லாம் நலம்' என்றே வரும். பிறகு 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்', 'ரெப்யூடேஷன் பேஸ்ட் புரொடெக்ஷன்' போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் சுவிட்சை ஆன் செய்து, அதன் கீழே உள்ள 'பிளாக் ஆப்ஸ்', 'பிளாக் டவுன்லோட்ஸ்' இரண்டையும் டிக் செய்யுங்கள்.

இதன்மேல், மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் விளம்பர நிரல் நீக்கியான 'ஆட்வ்கிளீனர்' ஒருமுறை. இலவசம், இன்ஸ்டால் தேவையில்லை, சில நிமிடத்தில் முடியும். அதை இந்த குரோமில் தேடி எடுக்காதீர்கள். கடத்தப்பட்ட தேடலில் முதலில் நிற்பது போலியாக இருக்கலாம். போனில் மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, கேபிள் வழியாக மாற்றுங்கள். 'ப்ரீஇன்ஸ்டால்ட்' என்ற தலைப்பில் லேப்டாப் கம்பெனியின் ஆப்களையும் காட்டும். அவற்றைத் தொட வேண்டாம். இந்தத் தொல்லையின் பெயரைப் போட்டு 'நீக்குவது எப்படி' என்று தேடினால் வரும் பக்கங்களில் பல, பத்து படி எழுதி, கடைசிப் படியில் காசுக்கு ஒரு சாஃப்ட்வேர் விற்பவை. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சிங்க்கை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்றால், உங்கள் எக்ஸ்டென்ஷன் பட்டியலும் செட்டிங்ஸும் கூகுள் கணக்கிலும் ஒரு பிரதி இருக்கும். கம்ப்யூட்டரை ஃபார்மட்டே செய்தாலும், லாகின் செய்து சிங்க் போட்ட நிமிடம் பழைய எக்ஸ்டென்ஷன் அங்கிருந்து இறங்கிவிடக் கூடும். 800 ரூபாய் அப்படியே தண்ணீரில் போகும். வீட்டில் இதே கணக்கோடு இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தால் அதிலும் அந்த எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். மறுபடி சிங்க் போடும்போது எல்லாவற்றையும் கொடுக்காமல், புக்மார்க், பாஸ்வேர்டு மட்டும் கொடுத்து, 'எக்ஸ்டென்ஷன்ஸ்', 'செட்டிங்ஸ்' இரண்டையும் ஆஃப் செய்து வையுங்கள்.

ஃபார்மட் எப்போது நியாயம்? டிஃபெண்டரை ஆன் செய்யவே முடியவில்லை. அழித்த ஷெட்யூலர் வேலை வேறு பெயரில் திரும்பப் பிறக்கிறது. கிராக் செய்த சாஃப்ட்வேர் ஏதாவது இதில் ஏறியிருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் நேரம் செலவழிக்காமல் ஃபார்மட் செய்துவிடுங்கள். ஆனால் சர்வீஸ்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஃபார்மட் செய்தபின் எந்த விண்டோஸ் போடுவார், ஆக்டிவேஷன் எப்படி? 'அதுக்கு ஒரு டூல் இருக்கு சார்' என்றால், விரட்டியவனை வாசல் வழியாகத் திரும்ப அழைக்கிறார் என்று பொருள். கம்பெனியே விண்டோஸ் போட்டுத் தந்த மெஷினுக்கு அந்த டூல் தேவையே இல்லை. அதே பதிப்பைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

போட்டோ அளவு குறைக்க சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். விண்டோஸிலேயே உள்ள பெயிண்டில் திறந்து 'ரீசைஸ்' போய், பிக்சலைக் குறைத்து ஜேபெக்காகச் சேமித்தால், விண்ணப்பங்கள் கேட்கும் 50 கேபிக்குள் வந்துவிடும். பிடிஎஃப் ஆக்க, பிரிண்ட் கொடுக்கும்போது பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' இருக்கிறது. வேர்டு 2013-க்குப் பிந்தையது எதிலும் பிடிஎஃப்பை நேராகத் திறந்து திருத்தலாம். தமிழ் எழுத்து சில இடங்களில் உடையும், அதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கவுன்டர் கம்ப்யூட்டருக்கு விண்டோஸில் 'ஸ்டாண்டர்ட்' வகைக் கணக்கு ஒன்று உருவாக்கி, அன்றாட வேலையை அதில் வையுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பாலிசியை 'மெஷின்' அளவில் எழுத அப்போது எவனாலும் சுலபமாக முடியாது. வாடிக்கையாளரின் லாகின்களை குரோமின் 'கெஸ்ட்' சன்னலில் திறந்து கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் எதுவும் அதில் ஓடாது. சன்னலை மூடியதும் அவருடைய குக்கீயும் ஹிஸ்டரியும் போய்விடும். இறக்கிய கோப்புகள் மட்டும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் தங்கும். மாலையில் கடை மூடும்போது அதைக் காலிசெய்து, ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்யுங்கள்.

இந்த இரண்டு வாரத்துக்குள் இதில் பணம் கட்டிய வாடிக்கையாளர்களுக்கு, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும்படி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். யாருடைய கணக்கிலாவது பணம் போயிருந்தால், பேங்கில் சொல்வதோடு அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதியச் சொல்லுங்கள்.